சர்க்கரை, எடை, இதயம்: யாருக்கு எந்த வழி?

சென்ற மாதம் ஒரே வாரத்தில் அண்ணனோடு ஒரு நாள், அக்காவோடு ஒரு நாள் என்று இரண்டு முறை மருத்துவரைப் பார்க்கப் போனேன். இருவருக்கும் சர்க்கரை நோய். இருவரும் கேட்டு வந்த அறிவுரையும் ஒன்றுதான்: "எடையைக் குறைங்க, இதயத்துக்கு நல்லது." அண்ணனுக்கு வயது 61. சர்க்கரை வந்து 12 வருடம் ஆகிறது. மூன்று வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். உயரம் 170 செ.மீ., எடை 74 கிலோ. அக்காவுக்கு 46. போன வருடம்தான் சர்க்கரை இருப்பது தெரிய வந்தது. உயரம் 158, எடை 88. இதயத்தில் இதுவரை ஒரு கோளாறும் இல்லை.

இருவருக்கும் அந்த அறிவுரை தவறில்லை. ஆனால் எப்படிக் குறைப்பது, எவ்வளவு குறைப்பது, எடைக்கு முன்னால் கவனிக்க வேண்டியது வேறு ஏதாவது இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு இருவருக்கும் ஒரே பதில் இருக்க முடியாது. இதற்காகச் சில வாரங்கள் உட்கார்ந்து ஆய்வுகளைப் படித்தேன். படித்ததில் எனக்கு உறைத்தது இதுதான்: எடை மெஷினில் எண் இறங்கும் அளவுக்கு இதய ஆபத்தும் இறங்கிவிடுகிறது என்று சொல்ல முடியாது. சில வழிகளில் எடை கொஞ்சம்தான் குறைகிறது, இதயம் நன்றாகவே காப்பாற்றப்படுகிறது. சில வழிகளில் எடை நிறையக் குறைந்தும் மாரடைப்புக் கணக்கு பெரிதாக மாறவில்லை. இதைத் தெரிந்துகொண்டு தேர்வு செய்தால் வீண் அலைச்சல் குறையும்.

முதலில் டேப்பை எடுங்கள்

சர்க்கரை நோய் இருப்பவருக்கு மாரடைப்பு, பக்கவாதம் வரும் ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. அதில் எடையின் பங்கு என்ன என்று பார்க்கும்போது, மொத்த எடையைவிடக் கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்பது முக்கியம். தோலுக்கு அடியில், தொடையில், இடுப்பின் பின்புறம் சேரும் கொழுப்பு அவ்வளவு தொல்லை தருவதில்லை. வயிற்றுக்குள் குடலைச் சுற்றியும், கல்லீரலுக்குள்ளும், கணையத்திலும் சேரும் கொழுப்புதான் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பை ஏற்றுகிறது, ரத்த அழுத்தத்தைக் கூட்டுகிறது, ரத்தக் குழாய்ச் சுவரில் அழற்சியை வளர்க்கிறது.

அதனால் இருவருக்கும் வீட்டிலேயே இடுப்பை அளந்தேன். இதில் பலரும் தப்பு செய்கிறார்கள். பேண்ட் போடும் இடத்தில் அளக்கக் கூடாது. பக்கவாட்டில் கை வைத்து கடைசி விலா எலும்பைத் தொட்டுப் பாருங்கள், அப்புறம் இடுப்பு எலும்பின் மேல் விளிம்பைத் தொடுங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப் போக வேண்டும். டேப் தரைக்கு இணையாக, தோலை அழுத்தாமல் இருக்க வேண்டும். சாதாரணமாக மூச்சை வெளியே விட்ட நிலையில் பார்க்க வேண்டும். அக்கா வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நின்றாள். "இயல்பா மூச்ச விடுக்கா" என்று இரண்டு தடவை சொல்லி அளந்ததில் 104 செ.மீ. வந்தது. அண்ணனுக்கு 97.

இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது எளிய கணக்கு. அப்படிப் பார்த்தால் அக்காவுக்கு எல்லை 79, அண்ணனுக்கு 85. இருவருமே தாண்டியிருக்கிறார்கள். அண்ணனைப் பார்த்தால் யாரும் குண்டு என்று சொல்ல மாட்டார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்ணான பிஎம்ஐ 25.6தான். ஆனால் ஆசிய உடல்வாகில் ஆபத்து 23லேயே ஏறத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004லேயே சொல்லியிருக்கிறது. கையும் காலும் மெலிந்து, வயிறு மட்டும் முன்னால் நிற்கும் உடம்பை பிஎம்ஐ நல்ல உடம்பு என்றே காட்டிவிடும்.

உணவும் உடற்பயிற்சியும்: இரண்டு ஆய்வுகள், இரண்டு செய்திகள்

எல்லோரும் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். இதைப் பற்றிய மிகப் பெரிய சோதனை அமெரிக்காவில் 2001ல் தொடங்கிய 'லுக் அஹெட்' ஆய்வு. இரண்டாம் வகைச் சர்க்கரையும் கூடுதல் எடையும் உள்ள 5,145 பேர். பாதிப் பேருக்குக் கடுமையான உணவுக் கட்டுப்பாடு, வாரத்துக்கு 175 நிமிட உடற்பயிற்சி இலக்கு, தொடர்ந்து வழிநடத்தல். மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பும் சில வகுப்புகளும். முதல் வருடத்தில் முதல் குழு தன் எடையில் 8.6 சதவீதம் குறைத்தது, இன்னொரு குழு 0.7 சதவீதம். அவ்வளவு வித்தியாசம். ஆனால் 2012ல் ஆய்வை நிறுத்திவிட்டார்கள். பத்து வருடம் நெருங்கியும் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் இவற்றில் இரண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அத்தனை பேர் அத்தனை வருடம் பாடுபட்டும் இதயத்துக்குப் பலன் இல்லையா என்று தோன்றியது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் கதை இன்னும் இருக்கிறது. போகப் போக முதல் குழுவின் எடை ஏறியது, இரண்டாம் குழுவின் எடையும் தானாகக் கொஞ்சம் இறங்கியது. கடைசியில் 6 சதவீதத்துக்கும் 3.5 சதவீதத்துக்கும் இடையிலான வித்தியாசம்தான் மிஞ்சியது. அதோடு இரண்டாம் குழுவில் கொலஸ்ட்ரால் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுத்தவர்கள் அதிகம். பின்னர் தனியாகப் பிரித்துப் பார்த்ததில், முதல் வருடத்திலேயே 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களுக்கு இதய ஆபத்து சுமார் 21 சதவீதம் குறைவாக இருந்தது. சர்க்கரை நோய் தற்காலிகமாகவாவது பின்வாங்கியவர்களுக்கு இதய நோய் 40 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2024ல் வந்த அலசல் சொல்கிறது. இவை பின்னால் செய்த கணக்குகள், அதனால் முழு நிரூபணம் ஆகாது. ஆனாலும் ஒரு திசையைக் காட்டுகின்றன: மூன்று நான்கு கிலோ குறைத்து நிறுத்துவது இதயத்துக்குப் போதவில்லை. பத்து சதவீதத்தைத் தாண்ட வேண்டும், அதுவும் சீக்கிரமே தாண்ட வேண்டும்.

அப்படிச் சீக்கிரம் தாண்ட முடியுமா என்பதற்குப் பதில் பிரிட்டனில் நடந்த 'டைரெக்ட்' ஆய்வு. சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருப்பவர்கள், இன்சுலின் போடாதவர்கள். மூன்று முதல் ஐந்து மாதம் வழக்கமான சாப்பாட்டை நிறுத்தி, நாளுக்குச் சுமார் 850 கலோரி மட்டும் தரும் சூப், ஷேக் வகை உணவு. அதற்குப் பிறகு படிப்படியாகப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்புதல். ஒரு வருடத்தில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரையே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு. ஐந்து கிலோவுக்குள் குறைத்தவர்களில் வெறும் 7 சதவீதம்.

இதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். இரண்டாம் வருட முடிவில் 46 என்பது 36 ஆனது. தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் ஐந்தாம் வருடத்தில் 13 சதவீதம்தான். எடை திரும்பி வந்தவர்களுக்குச் சர்க்கரையும் திரும்பி வந்தது. பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் இழந்த எடையை மீட்கவே வேலை செய்கின்றன. இதை மன உறுதிக் குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஊசியும் மாத்திரையும்

இங்கேதான் எடைக்கும் இதயத்துக்கும் உள்ள கணக்கு எதிர்பாராத விதத்தில் மாறுகிறது. 2015ல் வந்த எம்பா-ரெக் ஆய்வில் எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரையைச் சோதித்தார்கள். ஏற்கெனவே இதய நோய் உள்ள சர்க்கரை நோயாளிகள் 7,020 பேர். இந்த மாத்திரை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிறது. எடை குறைந்தது சுமார் இரண்டு கிலோதான். ஆனால் இதய மரணம் 38 சதவீதமும், இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேருவது 35 சதவீதமும் குறைந்தது. அதே வகையைச் சேர்ந்த டாபாகிளிஃப்ளோசின், சர்க்கரையே இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் உதவியது 2019ல் தெரிந்தது. அப்படியானால் பலன் எடையாலோ சர்க்கரை குறைவதாலோ மட்டும் வருவதில்லை.

பசியையும் சர்க்கரையையும் குறைக்க வாரம் ஒரு முறை அல்லது தினம் போடும் ஜிஎல்பி-1 வகை ஊசிகளிலும் இதே போல. 2016ல் வந்த லீடர் ஆய்வில் 9,340 பேர். லிராகுளூடைடு போட்டவர்களுக்கு மற்றவர்களைவிட எடை 2.3 கிலோதான் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் சேர்ந்த கணக்கு 13 சதவீதம் இறங்கியது. லுக் அஹெட்டில் முதல் வருடம் இதைவிடப் பல மடங்கு எடை குறைந்தும் கிடைக்காதது இது.

2025ல் வெளியான இன்னொரு ஆய்வு இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. சர்க்கரையும் இதய நோயும் சேர்ந்தே உள்ள 13,000க்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு டிர்செபடைடு, பாதிப் பேருக்கு ஏற்கெனவே இதயத்தைக் காப்பதாகத் தெரிந்த டுலாகுளூடைடு. முதல் ஊசியில் எடை சுமார் 12 சதவீதம் குறைந்தது, இரண்டாவதில் 5 சதவீதம். எடையில் இவ்வளவு இடைவெளி இருந்தும், மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் சேர்ந்த கணக்கில் வித்தியாசம் 8 சதவீதம்தான். அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற எல்லைக்குள்ளேயே இருந்தது. எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மரணத்தை மட்டும் பார்த்தால் டிர்செபடைடு குழுவில் 16 சதவீதம் குறைவு. ஆக, எடையை அதிகம் குறைக்கும் மருந்து கெடுதல் செய்யவில்லை, கொஞ்சம் நல்லதும் செய்யலாம். ஆனால் கிலோ எண்ணிக்கையை மட்டும் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுப்பது சரியில்லை.

ஊசிகளின் சங்கடங்கள் தெரிந்தவைதான்: குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், சிலருக்குப் பித்தப்பைக் கல். ஏற்கெனவே விழித்திரை பாதிப்பு உள்ளவர்கள் ஜிஎல்பி-1 வகையைச் சேர்ந்த செமாகுளூடைடு ஊசியைத் தொடங்கும் முன் கண்ணைக் காட்டிவிட வேண்டும். சர்க்கரை திடீரென்று இறங்கும்போது விழித்திரை மோசமாகலாம் என்பது அந்த ஊசியைச் சோதித்த 2016 ஆய்விலேயே தெரிந்தது. எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்று வரலாம். அரிதாக, ரத்தத்தில் சர்க்கரை அதிகம் இல்லாமலே கீட்டோன் ஏறி உடல் அமிலமாகும் ஆபத்தும் உண்டு. பட்டினி கிடக்கும்போது, அறுவை சிகிச்சைக்கு முன், வாந்தி பேதி நாட்களில் இந்த மாத்திரையை நிறுத்திவைப்பது இதற்காகத்தான். அப்புறம் ஊசியை நிறுத்தினால் எடை திரும்பும். சர்க்கரை இல்லாதவர்களிடம் செய்த ஆய்வு ஒன்றில், செமாகுளூடைடை நிறுத்திய ஒரு வருடத்தில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அதனால் ஊசியைத் தொடங்கும்போதே "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டுவிடுங்கள். செலவும் அந்தக் கேள்விக்குள் அடங்கும்.

அறுவை சிகிச்சை

எடையைக் குறைக்க வயிற்றில் செய்யும் அறுவை சிகிச்சையின் பெயரைக் கேட்டதும் அக்கா முகம் மாறியது. "அவ்வளவு தூரம் போயிட்டனா நான்?" என்று கேட்டாள். இதைக் கடைசி ஆயுதம் என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் 2022ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல்படி, பிஎம்ஐ 35க்கு மேல் உள்ளவர்களுக்கும், சர்க்கரை இருந்தால் 30க்கு மேல் உள்ளவர்களுக்கும் இது பேச வேண்டிய ஒரு வழி. ஆசியர்களுக்கு அந்த எல்லை இன்னும் கீழே, 27.5ல் தொடங்குகிறது. அக்காவின் பிஎம்ஐ 35.3.

ஸ்வீடனில் 1987ல் தொடங்கிய எஸ்ஓஎஸ் ஆய்வு நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்தது. பாதிப் பேருக்கு அறுவை சிகிச்சை, மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் மரணமும் மாரடைப்பும் குறைந்தன. சர்க்கரை இருந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு இரண்டாம் வருடத்தில் சர்க்கரை பின்வாங்கியிருந்தது. 15 வருடத்தில் அது 30 சதவீதம் ஆனது. சர்க்கரை வந்து கொஞ்ச காலமே ஆனவர்களுக்குப் பலன் அதிகம். குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு இல்லை என்பதால், அறுவை சிகிச்சையைத் தேர்ந்தவர்களின் மற்ற குணங்களும் பலனில் கலந்திருக்கலாம். இரும்புச் சத்து, பி12, கால்சியம், விட்டமின் டி ஆகியவற்றை ஆயுசுக்கும் கவனிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

எடையைத் தொடாமல்

இதுவும் ஒரு வழிதான், சிலருக்கு இதுவே சரியான வழி. டென்மார்க்கில் நடந்த ஸ்டெனோ-2 ஆய்வில் 160 பேர். எல்லோருக்கும் இரண்டாம் வகைச் சர்க்கரையும், சிறுநீரில் புரதம் கசியும் நிலையும் இருந்தன. ஒரு குழுவுக்கு ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சர்க்கரை மூன்றையும் ஒன்றாகக் கடுமையாகக் கட்டுப்படுத்தினார்கள், புகையிலையை விடவும் உடற்பயிற்சி செய்யவும் சொல்லிக்கொடுத்தார்கள். சுமார் எட்டு வருடத்தில் இதய நிகழ்வுகள் பாதியானது. 21 வருடம் கழித்துப் பார்த்தபோது அந்தக் குழுவினர் நடுமதிப்பில் 7.9 வருடம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். எடை குறைப்பு இந்த ஆய்வின் மையமே இல்லை.

எழுபதைத் தாண்டியவர், ஏற்கெனவே மெலிந்தவர், கை கால் தசை கரைந்துகொண்டிருப்பவர், முயற்சி செய்யாமலே எடை இறங்குகிறவர், இவர்களிடம் "இன்னும் குறைங்க" என்று சொல்லவே கூடாது. சர்க்கரை உள்ளவருக்குக் காரணமில்லாமல் எடை குறைந்தால் அது நல்ல செய்தி ஆகாது. சர்க்கரை கட்டுக்கு அடங்காமல் போயிருக்கலாம், தைராய்டு, கணையம், வேறு நோய் எதுவும் இருக்கலாம். உடனே பரிசோதிக்க வேண்டும். குண்டாக இருப்பவர்கள்தான் இதய நோயோடு நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்று சில புள்ளிவிவரங்கள் காட்டுவதற்கும் இது ஒரு காரணம்: அந்தக் கணக்கில் மெலிந்தவர்களில் பலர் நோயால் மெலிந்தவர்கள்.

புகை பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விட்டால் நாலைந்து கிலோ ஏறும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏறினாலும் பரவாயில்லை, விடுங்கள். அந்த எடையோடு சேர்த்துப் பார்த்தாலும் இதயத்துக்கு லாபம்தான்.

இருவருக்கும் என்ன முடிவு

அண்ணன் விஷயத்தில் நான் எடையைப் பின்னால் தள்ளிவிட்டேன். மாரடைப்பு வந்தவர். அவருக்கு முதல் கேள்வி, இதயத்தைக் காப்பதாக நிரூபணமான மருந்துகளில் இருக்கிறாரா என்பது. மாத்திரைச் சீட்டைப் பார்த்தோம். ஸ்டாட்டின் இருந்தது, பிபி மாத்திரை இருந்தது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும்தான் இருந்தன. கிளிமிபிரைடு எடையைக் கூட்டும் வகை, இன்சுலினும் பியோகிளிட்டசோன் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரையும் அப்படித்தான். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு பியோகிளிட்டசோன் ஆகவே ஆகாது, உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். மருத்துவரிடம் எம்பாகிளிஃப்ளோசின் வகையையோ ஜிஎல்பி-1 ஊசியையோ பற்றிக் கேட்டோம். சிறுநீரகப் பரிசோதனை பார்த்துவிட்டு கிளிமிபிரைடைக் குறைத்து எம்பாகிளிஃப்ளோசின் எழுதிக்கொடுத்தார். எடைக்கு அண்ணனின் இலக்கு மூன்று நான்கு கிலோ, இடுப்பில் ஐந்து செ.மீ. அதற்காகச் சாப்பாட்டை ஒரேயடியாக வெட்ட வேண்டாம் என்றும், வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி செய்யலாம் என்றும் சொன்னார். அவர் வயதில் எடையோடு தசையும் போனால் பிறகு திரும்பிப் பிடிப்பது கடினம்.

அக்காவுக்கு நேர் எதிர். அவளுக்கு எடைதான் முதலில். சர்க்கரை வந்து ஒரு வருடம்தான், கணையத்தில் இன்னும் சக்தி இருக்கிறது. மீளும் வாய்ப்பு இப்போது இருப்பதுபோல ஆறேழு வருடம் கழித்து இருக்காது. அதனால் மூன்று நான்கு கிலோ என்று தொடங்காமல் 15 கிலோ என்று இலக்கு வைத்தோம். வழிகளை வரிசைப்படுத்திப் பார்த்ததில் அவளே முடிவு செய்தாள்: முதலில் மருத்துவர் மேற்பார்வையில் 12 வாரம் குறைந்த கலோரி உணவு. ஐந்து மாதத்தில் 10 சதவீதத்தை எட்டாவிட்டால் ஊசி. அதிலும் நிற்காவிட்டால் அறுவை சிகிச்சை நிபுணரிடம் ஒரு முறை பேசிப் பார்ப்பது. ஊசியிலிருந்தே தொடங்கலாமே என்றும் யோசித்தோம். அதுவும் தப்பில்லை. ஆனால் மருந்து இல்லாமல் மீள முடியுமா என்று ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. வருடக்கணக்கில் கடைப்பிடிக்க வேண்டியவள் அவள்தான் என்பதால் அந்த ஆசைக்கு இடம் கொடுத்தேன்.

தொடங்கும் முன் ஒன்றை மருத்துவர் அழுத்திச் சொன்னார், இதை நானும் அழுத்திச் சொல்கிறேன். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தாங்களாகச் சாப்பாட்டைப் பாதியாக்கிவிடக் கூடாது. உணவு குறைந்து மருந்து அதே அளவில் நின்றால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். இதய நோய் உள்ளவருக்கு அது இன்னும் மோசம். டைரெக்ட் ஆய்வில் முதல் நாளே சர்க்கரை மாத்திரையையும் பிபி மாத்திரையையும் நிறுத்தினார்கள், ஆனால் அது கண்காணிப்போடு நடந்தது. அக்காவுக்கு மெட்ஃபார்மின் மட்டும்தான், அதனால் தாழ்சர்க்கரை பயம் குறைவு. பிபி மாத்திரையின் அளவை மட்டும் எடை இறங்க இறங்க மாற்ற வேண்டியிருக்கும். அதற்காக வீட்டில் பிபி மெஷின் வாங்கி வைத்திருக்கிறோம்.

நான்காவது வாரம் நேற்று முடிந்தது. அக்கா 5 கிலோ குறைந்திருக்கிறாள். இடுப்பு 99. டேப்பை இப்போது அவளே சரியான இடத்தில் பிடிக்கிறாள். பிபி 112/70க்கு வந்திருப்பதால், மாத்திரையைக் குறைக்கலாமா என்று கேட்க வியாழக்கிழமை மறுபடி போகிறோம்.